அட்டைப் பணத்துக்குப் பெயர் வைத்தவள்

1998ஆம் வருஷக் கோடையில், பாலுசாமி அச்சகத்தில் கணிப்பொறியில் தமிழ் அடித்துக்கொண்டிருந்த பொற்கொடியை, சிங்காநல்லூரில் மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் ஒரு கம்பெனி சில மாதங்களுக்கு இரவல் கேட்டது. பாலுசாமி மறுக்கவில்லை. பிப்ரவரியில் கோயமுத்தூரில் குண்டு வெடித்த பிறகு டவுனுக்குள் கல்யாணப் பத்திரிகைகூடக் குறைந்துபோயிருந்தது. அவளைச் சும்மா உட்காரவைத்துச் சம்பளம் கொடுப்பதற்கு அவர் சங்கடப்பட்டுக்கொண்டிருந்த நேரம். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. நாளையிலிருந்து அங்கே போக வேண்டும் என்றார், சரிங்க என்றாள்.

சில மாதங்களாகவே அவள் எல்லாவற்றுக்கும் சரிங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொற்கொடி பிறந்தது பெருந்துறைக்குத் தெற்கே ஒரு காலனியில். அப்பன் காளிச்சாமி பண்ணையத்தில் ஏர் ஓட்டினார். அம்மா அதே தோட்டத்தில் களை வெட்டினாள். அந்த வீதியில் பன்னிரண்டாவது முடித்த முதல் பெண் அவள்தான். பெருந்துறையில் டைப்ரைட்டிங் கற்று, தபாலில் தமிழ் பி.ஏ. படித்து, கோயமுத்தூருக்கு வந்து பாலுசாமியிடம் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சகத்துக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்க வந்துபோன லேத் பட்டறை ஆள்தான் ரூபன். அவன் வீடும் அவள் வீட்டைப் போலத்தான். பாட்டன் காலத்தில் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களானவர்கள், அவ்வளவே வித்தியாசம். இருவரும் கட்டிக்கொண்டபோது இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு இருந்தார்கள். மகள் மதிவதனி பிறந்ததும் இரண்டு பக்கமும் தொட்டில் துணி வந்தது.

ரூபன் போன வருஷம் செப்டம்பரில் திருச்சி ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். காலையில் டிபன் பாத்திரத்தை மறந்துவிட்டுப் போய்விட்டான் என்று அவள் திட்டிக்கொண்டிருந்தபோதே ஆள் வந்து சொன்னது. ஆஸ்பத்திரியிலும் அவள் அழவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் அழவில்லை. பெண்கள் தோளைப் பிடித்து உலுக்கி, அழுதுரு அம்மணி, அழுதாத்தான் ஆகும் என்றார்கள். அவளுக்கும் அது சரியென்றுதான் பட்டது. அழுகை வரவில்லை. பல் பிடுங்கும்போது ஊசி போட்டால் உதடு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் போகுமே, அப்படி ஏதோ ஒன்று தலையிலிருந்து கால்வரை இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. சோறு பொங்கினாள். மகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். வேலைக்குப் போனாள். காப்பியில் சர்க்கரை போட மறந்துபோனதைக் குடித்து முடித்த பிறகும் தெரிந்துகொள்ளவில்லை.

கம்பெனியில் அவளை வரவேற்றது முதலாளியின் மகன் சுரேந்தர். அமெரிக்காவில் படித்து, இரண்டு வருஷம் வேலையும் பார்த்துவிட்டுத் திரும்பியவன். பெருந்துறை சிப்காட்டில் ஒரு நூற்பாலைக் கேன்டீனிலும், அதன் வாசலில் இருந்த சில கடைகளிலும் புதிதாக ஒன்றைச் சோதித்துப்பார்க்க மில்காரர்களோடு பேசி வைத்திருந்தான். தொழிலாளிகளுக்கு மில் கொடுக்கிற சாப்பாட்டுப் படியை இனி நோட்டாகத் தராமல் ஒரு பிளாஸ்டிக் அட்டையில் ஏற்றிவிடுவது. அட்டையில் நகம் அளவுக்கு ஒரு சில்லு. கடைக்காரரின் மெஷினில் சொருகினால் டீக்கும் பஜ்ஜிக்குமான காசு இதிலிருந்து அதற்குப் போய்விடும். மாலையில் கடைக்காரர் மெஷினில் சேர்ந்ததைக் கம்பெனி ரொக்கமாகக் கொடுத்துவிடும்.

இதை அவன் கண்கள் மினுங்கச் சொன்னான். பேச்சு முழுக்க டிஜிட்டல் கேஷ், எலெக்ட்ரானிக் பர்ஸ், வர்ச்சுவல் கரன்சி என்று வந்தது. இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் தமிழ் வேண்டும். மெஷினின் திரையில் தமிழ் வர வேண்டும். ஆளுக்கொரு சிறு புத்தகம் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும்.

"அக்கா, அகராதித் தமிழ் வேண்டாங்க. பெருந்துறையில டீக் குடிக்கறவிய படிச்சாப் புரியோணும். ஆனா கேக்கறக்குப் புதுசாவும் இருக்கோணும்" என்றான்.

சரிங்க என்றாள்.

அவளுக்கு ஒரு மேஜையும் மின்விசிறியும் கொடுத்தார்கள். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் தோன்றிய தமிழை எல்லாம் அடித்து வைத்தாள். கரன்சிக்கு நாணயம், செலாவணி. பர்ஸுக்குப் பணப்பை, சுருக்குப்பை. டிஜிட்டலுக்கு எண்முறை, இலக்கமுறை. எலெக்ட்ரானிக் என்றால் மின்னணு, சுருக்கினால் மின். மின்பணம், எண்பணம், அட்டைப்பணம், இலக்க நாணயம். முன்பென்றால் இந்த வேலை அவளுக்கு வெல்லம் தின்பது போலிருந்திருக்கும். நாணயம் என்றால் காசு, நாணயமான ஆள் என்றால் வேறு. ஒரே சொல்லில் இரண்டும் எப்படி உட்கார்ந்திருக்கின்றன பார் என்று ரூபனிடம் ராத்திரி சோறு போடும்போது சொல்லியிருப்பாள். அவன் தன் பட்டறை முதலாளியைக் காட்டி, அவரிடம் முதலாவது மட்டும்தான் இருக்கிறது என்றிருப்பான். இப்போது எல்லாச் சொற்களும் ஒரே கனமாகத் தெரிந்தன. எதுவும் இனிக்கவில்லை, எதுவும் உறுத்தவில்லை. அதனாலேயே வேலை வேகமாக ஓடியது.

வர்ச்சுவலில்தான் வண்டி நின்றது. உண்மையில் இல்லாதது, ஆனால் இருப்பது போலவே வேலை செய்வது என்று சுரேந்தர் விளக்கினான். நிகர்நிலை, மெய்நிகர் என்று சில பேராசிரியர்கள் அப்போதுதான் எழுதத் தொடங்கியிருந்த சொற்களை அவள் அடித்துக் காட்டினாள். அவனுக்கு அவை வாயில் ஒட்டவில்லை. யோசித்து யோசித்து அவனே ஒன்றைப் பிடித்தான்: மாயப் பணம். சொல்லிப் பார்த்தான். அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. குழந்தைகூடச் சொல்லும் என்றான்.

மாயம் என்றால் காணாமல் போவது என்று பொற்கொடிக்குத் தெரியாமல் இல்லை. பீரோவில் வைத்த நகை மாயம் என்றுதான் பேப்பரில் போடுவார்கள். ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை. திறந்து என்ன ஆகப்போகிறது என்றுகூட அவள் நினைக்கவில்லை. அவன் சொன்னான், அவள் அடித்தாள், சிறு புத்தகத்தின் மேலட்டைக்குப் பெரிய எழுத்தில் 'மாயப் பணம்: ஓர் அறிமுகம்' என்று ஒழுங்குசெய்து கொடுத்தாள். தடுத்தது பாலகோபால்.

பாலகோபால் அந்த மெஷினைச் செய்த என்ஜினியர். பீளமேட்டுக் கல்லூரியில் படித்தவன், மெதுவாகப் பேசுகிறவன், சட்டைப் பையில் எப்போதும் சின்ன திருப்புளி வைத்திருப்பவன். அச்சுக்குப் போக இருந்த தாளைப் பார்த்துவிட்டு நேரே சுரேந்தரிடம் போனான். போன வருஷம்தான் ஊருக்கு இரண்டு ஃபைனான்ஸ் கம்பெனி மூடிக்கொண்டு ஓடியிருக்கிறது, இந்த நேரத்தில் போய்ப் பணம் மாயம் என்று நாமே அச்சடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டான். சுரேந்தருக்கு முகம் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டான். கடைசியில் அட்டைப் பணம் என்று முடிவானது. அது அவனுக்கு அரை மனதுதான்.

போகும்போது பாலகோபால் அவள் மேஜையருகே நின்று, உங்களுக்குத் தெரிந்திருக்குமே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அடுத்து எதை அடிக்க வேண்டும் என்று பொற்கொடி கேட்டாள்.

அடுத்தது திரை. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பச்சைக் கண்ணாடி, இரண்டு வரி. ஆங்கில எழுத்து அதற்குள் ஏற்கெனவே இருந்தது. தமிழ் எழுத்தைப் புள்ளி புள்ளியாக நாமே வரைந்து ஏற்ற வேண்டும். அப்படி வரைந்த எழுத்து ஒரே சமயத்தில் எட்டுத்தான் அதற்குள் தங்கும் என்றான் பாலகோபால். ஒன்பதாவது வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் போட வேண்டும். ஆகவே சொற்கள் குட்டையாக இருக்க வேண்டும், ஒரே எழுத்துகளே திரும்பத் திரும்ப வர வேண்டும்.

அவள் கட்டம் போட்ட தாளில் கறுப்புக் கட்டங்களாக எழுத்துகளை வரைந்தாள். இ-க்கு வயிறு கொள்ளவில்லை. ணை-க்கு இடமே இல்லை. அதனால் இணைப்பு என்ற சொல் விழுந்துபோனது. அட்டையில் பாக்கி எவ்வளவு என்பதற்கு மீதி, இருப்பு என்று இரண்டு சொல் வைத்திருந்தாள். மீதி என்றால் தின்றது போக மிஞ்சியது போலிருக்கிறது, பேங்க்காரர்கள் எழுதுகிற இருப்புதான் கெட்டியாக இருக்கிறது என்று சுரேந்தர் சொன்னான். இருப்பு ஆயிற்று. கடைக்காரருக்குக் காசு போய்ச் சேர்ந்ததும் வர வேண்டிய சொல், பெறப்பட்டது. இரண்டிலும் ப் இருந்ததில் பாலகோபாலுக்குச் சந்தோஷம்.

ஒரு நாள் எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்று, அட்டை வேலை செய்யாமல் போனால் திரையில் என்ன வர வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சில்லு கெட்ட அட்டையை பாலகோபாலும் அவன் ஆட்களும் செத்த கார்டு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேச்சின் வேகத்தில் ஒருவன், அட்டை செத்துப்போச்சுன்னே போட்டுடலாமுங்க, யாருக்கும் புரியும் என்றான். இன்னொருவன், செத்தது என்றால் மரியாதையாக இல்லை, இறந்த அட்டை என்று போடலாம் என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவன் குரல் தேய்ந்தது. பாலகோபால் திருப்புளியை எடுத்து மறுபடியும் பைக்குள் போட்டான். சுரேந்தர் ஜன்னலைப் பார்த்தான்.

அவர்கள் ஏன் பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்று பொற்கொடிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்த பிறகும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்காகத்தான் சங்கடமாக இருந்தது.

"இறந்த அட்டைன்னா எழுத்து அதிகமாகுதுங்க. பழுதுன்னு போட்டாப் போதும்" என்றாள்.

எல்லோரும் அவசரமாக ஒத்துக்கொண்டார்கள். அன்று மத்தியானம் சுரேந்தர் வீட்டிலிருந்து வந்த சாப்பாட்டுக் கேரியரில் அவளுக்கும் பங்கு வந்தது. அரிசியும் பருப்பும் சோறு, நெய் விட்டது. சாப்பிட்டாள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டதற்கு நன்றாக இருக்கிறது என்று சொன்னாள்.

ஆகஸ்ட் மாதத்தில் மெஷின்களைப் பெருந்துறைக்குக் கொண்டுபோனார்கள். மில் கேன்டீனில் இரண்டு, வாசலில் இருந்த பெட்டிக்கடைக்கு ஒன்று, பாவாத்தாளின் டீக்கடைக்கு ஒன்று. பாவாத்தாள் ஐம்பதைத் தாண்டிய மனுஷி. சிப்காட் வருவதற்கு முன்பு அதே இடத்தில் சோளக்காட்டில் கூலிக்குப் போனவள். இப்போது அங்கேயே தகரக் கூரை போட்டு அடுப்பு வைத்திருந்தாள். பொற்கொடியின் ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம். காளிச்சாமி மகளா நீ என்று பார்த்ததுமே பிடித்துவிட்டாள். பிறகு அவள் வெறும் நெற்றியையும் கழுத்தையும் பார்த்தாள். பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னாள்.

மெஷின் எப்படி வேலை செய்யும் என்று விளக்கும் பொறுப்பு பொற்கொடிக்கு வந்தது. சிறு புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னாள். பாவாத்தாள் வடைச் சட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "அம்மணி, இது காசுங்களா, காசு மாதிரியிங்களா?" என்றாள்.

பக்கத்தில் சுரேந்தர் நின்றிருந்தான். காசேதான் என்று சொல்ல வேண்டிய இடம் அது. பொற்கொடி, "காசு மாதிரிங்க. சாயந்தரம் இவிய காசாக் குடுத்துருவாங்க" என்றாள்.

பாவாத்தாள் சுரேந்தரை ஏற இறங்கப் பார்த்தாள். சரி, சாயந்தரம் வரைக்கும்தானே, பார்க்கலாம் என்றாள்.

ஷிப்ட் விட்டதும் நூல் தூசு தலையில் ஒட்டிய பெண்கள் கூட்டமாக வந்தார்கள். எல்லோர் கையிலும் புது அட்டை. முதலில் யார் என்று ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருத்தி முன்னால் வந்து டீயும் வடையும் சொல்லிவிட்டு அட்டையைச் சொருகினாள். பாவாத்தாள் விலையை அழுத்தினாள். திரையில் பெறப்பட்டது என்று வந்தது. மெஷின் கீச்சென்று கத்தியது. கூட்டம் சிரித்தது. அடுத்த நொடி பெறப்பட்டது போய் வேறு சொல் வந்தது, பக்கத்திலேயே தொகையும்.

சொருகியவள் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். இ. ற. ப். பு.

சிரிப்பு நின்றது. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார்கள். முன்னால் நின்ற ஒருத்தி திரும்பி, இறப்புன்னு வருது, ரூபா போட்டு வருது என்றாள். அட்டைக்காரி அட்டையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அதுவுமா என்று யாரோ முனகினார்கள்.

பொற்கொடி எட்டிப் பார்த்தாள். ரு இருக்க வேண்டிய இடத்தில் ற நின்றிருந்தது. அவள் கட்டத் தாளில் வரைந்த ற. நன்றாகத்தான் வரைந்திருக்கிறோம், கால் நேராக வந்திருக்கிறது என்பதுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதையும் அவள் கவனித்தாள்.

"அது இருப்புங்க. உங்க கணக்குல இருக்கறதச் சொல்லுது" என்றாள்.

"இல்லீங் அம்மணி. இறப்புன்னுதான் இருக்குது" என்றாள் பாவாத்தாள், அடங்கிய குரலில். பிறகு தன் தோள் துண்டை எடுத்து மெஷினின் மேல் போட்டு மூடினாள். வீட்டில் சாவு விழுந்தால் கண்ணாடியை மூடுவது போல.

மில் கேன்டீனிலிருந்து பாலகோபால் ஓடிவந்து திறந்து பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவனுக்கே விளங்கியது. சொற்களை அவன் ஒவ்வொன்றாகத்தான் சோதித்திருந்தான். பெறப்பட்டது வந்து உடனே இருப்பு வந்தால் என்ன ஆகும் என்று பார்க்கவில்லை. இடம் பற்றாமல் ரு-வையும் ற-வையும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றிப் போட எழுதியிருந்தான். ற அழிவதற்குள் அடுத்த சொல் வந்துவிட்டது. அவன் பொற்கொடியிடம் வந்து மன்னிப்புக் கேட்டான். ஒரு தரம் அல்ல. மெஷின்களைக் கழற்றி ஜீப்பில் ஏற்றும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். பரவாயில்லைங்க என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் நோட்டும் சில்லறையுமாகவே கொடுத்துவிட்டுப் போனார்கள்.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது மதிவதனி கதவோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதாவது படித்தாள். அப்பனைப் போலவே நீண்ட விரல். பொற்கொடி கை கால் கழுவிவிட்டு, வேலையிடத்தில் நடந்ததை, கறிகாய் விலை சொல்வது போல, சொன்னாள். இருப்பு என்று வர வேண்டியது இறப்பு என்று வந்தது, பக்கத்தில் ரூபாய் வேறு போட்டிருந்தது என்றாள்.

மதிவதனி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். எத்தனை ரூபா என்று கேட்டு, பதில் வருவதற்குள் மறுபடியும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எந்த இடத்தில் அது அழுகையாயிற்று என்று பொற்கொடிக்குத் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை சுவரில் தலையை முட்டுக்கொடுத்து, மூச்சு வாங்காமல், அடிபட்ட நாய்க்குட்டி போலச் சத்தமிட்டு அழுதுகொண்டிருந்தாள்.

பொற்கொடி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதுகில் கை வைத்தாள். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

"இத்தன நாளா எங்க கண்ணு வெச்சிருந்தே இதையெல்லாம்?" என்று கேட்டாள்.

பதில் துண்டு துண்டாக வந்தது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அழுவாளாம். எல்லோரும் போன பிறகு.

"நீ அழுகவே இல்லியேம்மா. நா அழுதா நீ எந்திரிச்சு அக்கட்டப் போயிருவியோன்னு இருந்துச்சு."

பொற்கொடிக்கு அதற்கும் அழுகை வரவில்லை. ஆனால் அந்தச் சொற்கள் மற்றச் சொற்களைப் போல நழுவிப் போகவில்லை. நெஞ்சுக்குள் எங்கோ போய் நின்றன, வலிக்கவில்லை, நின்றன. ஒரு வருஷமாக இந்த ஒற்றை அறையில் தான் மட்டும்தான் இருந்ததாக அவள் நினைத்திருந்தாள். பிள்ளைக்குச் சோறு போட்டாள், தலை பின்னினாள், சீருடை தேய்த்தாள். அவள் முகத்தைப் பார்த்த ஞாபகம் இல்லை. இப்போது பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எப்போதிருந்து என்று தெரியவில்லை.

போக மாட்டேன் என்று சொன்னாள். மதிவதனி அழுது ஓய்ந்து அவள் மடியிலேயே தூங்கிப்போனாள். கால் மரத்துப்போனது. பொற்கொடி அசையவில்லை.

மறுநாள் கம்பெனியில் சுரேந்தர் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். காசு மாதிரி என்று சொன்னதற்காகவும் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. மெஷினைச் சரிசெய்துவிடலாம், ஆனால் அந்தச் சொல்லை இனி அந்தக் கூட்டத்தின் முன்னால் காட்ட முடியாது, என்ன செய்வது என்று மட்டும் கேட்டான்.

"மீதின்னு போட்டுருங்க. அதுல ரு-வும் இல்லீங்க, ற-வும் இல்லீங்க. இனி நானே ஒவ்வொண்ணும் போட்டுப் பார்த்துத்தான் குடுப்பேன்" என்றாள் பொற்கொடி.

அந்தக் கம்பெனியில் அவள் ஒரு வேலையைத் தானே கேட்டு எடுத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. அப்படியே செய்தார்கள். அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்து சொற்களை முன்னும் பின்னுமாக மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாள். பழுதுக்குப் பிறகு மீதி, மீதிக்குப் பிறகு பெறப்பட்டது. பாலகோபால் பக்கத்தில் நின்று, இது போதுமே என்றான். இன்னும் ஒரு தரம் என்றாள்.

மெஷின்கள் திரும்பப் போயின. பாவாத்தாள் முதலில் வேண்டாம் என்றாள். பிறகு காளிச்சாமி மகள் சொன்னால் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டாள். மெஷினில் மஞ்சள் தடவி, பொட்டும் வைத்திருந்ததைப் பாலகோபால் வந்து சொன்னான். பெண்கள் மெல்ல மெல்ல அட்டையை எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அட்டைப் பணம் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. மின்பணம், பணப்பை எல்லாம் சிறு புத்தகத்தோடு நின்றுவிட்டன. கார்டு என்றார்கள். கார்டுல எவ்வளவு கெடக்குது என்றார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

அது நீண்ட நாள் ஓடவில்லை. கரண்ட் ஏறி இறங்கியதில் மெஷின்கள் அடிக்கடி நின்றன. டீ ஆறிப்போகிறது என்று பாவாத்தாள் சலித்துக்கொண்டாள். மில்லில் புது மேனேஜர் வந்தார். அவர் பழையபடி டோக்கனே போதும் என்றுவிட்டார். அக்டோபரில் எல்லா அட்டைகளையும் திரும்ப வாங்கிக்கொண்டு, அவற்றில் கிடந்ததைக் கம்பெனி ரொக்கமாகக் கொடுத்துக் கணக்கை முடித்தது. யாருக்கும் நட்டமில்லை. சுரேந்தர் அப்பாவின் மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கம் திரும்பினான். பொற்கொடி விடைபெறப் போனபோது, நாம் கொஞ்சம் முன்னாடியே வந்துட்டோமுங்க அக்கா என்றான். இருக்கலாம் என்று அவளுக்கும் பட்டது.

அவள் மறுபடி பாலுசாமி அச்சகத்துக்கு வந்தாள். தீபாவளி விளம்பரங்கள் குவிந்து கிடந்தன. ஒரு நாள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் தேடி வந்தார். கணிப்பொறிக் கலைச்சொற்களைத் தொகுத்துக்கொண்டிருந்தவர். பாலகோபால் சொல்லி வந்திருந்தார். பணத்தைப் பற்றி அவள் தேடி வைத்த சொற்களைக் கேட்டார். எல்லாவற்றையும் கொடுத்தாள். அவர் மெய்நிகர் என்பதை அடிக்கோடிட்டார், சுருக்குப்பையைப் படித்துச் சிரித்தார், மாயப் பணத்தை அடித்துவிட்டார். தொகுப்பு எப்போதாவது அச்சில் வந்தால் அவள் பெயரும் நன்றியில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது வந்ததா என்று அவள் பிறகு விசாரிக்கவில்லை.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. போன வருஷம் ரூபனின் அண்ணன் வந்து கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லிவிட்டுப் பொற்கொடி வீட்டிலேயே படுத்திருந்தாள். இந்த வருஷம் மதிவதனி கேட்டாள். போகலாம் என்றாள்.

செவ்வந்தியும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு போனார்கள். தோட்டம் முழுக்க ஆட்கள். குழந்தைகள் கல்லறைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஃபிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். ரூபனின் மேட்டில் நெருஞ்சி படர்ந்திருந்தது. பொற்கொடி முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்து பிடுங்கினாள். முள் ஏறியது; ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். மதிவதனி பூவைப் பரப்பினாள், தாறுமாறாகத்தான் பரப்பினாள், பிறகு அப்பனிடம் ஏதோ சொல்வது போல உதடு அசைந்தது. இப்போது அவள் மறைந்து அழவில்லை. எல்லோருக்கும் முன்னால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதாள்.

பொற்கொடி அழுவாளா என்று பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த ரூபனின் அத்தை பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அழவில்லை. காற்றுக்கு மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனது. உள்ளங்கையைக் குவித்து மறைத்துப் பிடித்தாள். உருகிய மெழுகு சுண்டுவிரலில் சொட்டியது. ஆவென்று கையை உதறி விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

சுட்டுடுச்சாம்மா என்று மதிவதனி கேட்டாள். ஆமாம், சுட்டுருச்சு கண்ணு என்றாள் பொற்கொடி. மகள் அவள் விரலைப் பிடித்து இழுத்து ஊதினாள். இன்னும் ஒன்று ஏற்றலாமா என்று கேட்டாள். பையில் இரண்டு மிச்சமிருந்தன. இரண்டையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, காற்று வருகிற பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.